பூட்டுக்கு ஒரு புகார்

கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பூட்டு. 'உங்கள் கோப்புகள் எங்கள் கையில். பணம் கட்டினால் திறப்போம்' என்று கீழே எழுதியிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டது மனைவியின் நாலு வருஷ எறும்பு ஆராய்ச்சி. நகல் வைத்திருந்த பென் டிரைவும் செருகியபடியே இருந்ததால் அதுவும் போச்சு. மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

"ஏங்க, ஏதாவது செய்யுங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

கணவருக்கு வேலையே அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பதுதான். மனுஷனுக்குக் கண்ணெல்லாம் பளபளத்தது. வைரஸும் எவனோ அவசரத்தில் எழுதியதுதானே?

அரை மணியில் பிடித்துவிட்டார். பத்துத் தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டால், பதினோராவது தடவை வைரஸ் குழம்பிப்போய்த் திறந்துவிட்டது. பழைய புகைப்படம் ஒன்று வெளியே வந்தது.

"முதல்ல என் ஆராய்ச்சியை எடுங்க."

"இரு, எழுதி வெச்சுடறேன். இல்லைன்னா வரிசை மறந்துடும்."

பதினெட்டு வருஷப் பழக்கம் யாரை விட்டது? திரையின் மூலையில் 'உங்கள் கருத்து' என்று ஒரு பெட்டி வேறு இருந்தது. குறை என்ன, எப்படி வருகிறது, எப்படித் திருத்தலாம் என்று மூன்று பத்தி தட்டி அனுப்பிவிட்டார். இரண்டே நிமிஷத்தில் வைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஓட்டை அடைபட்டது.

"திருடனுக்கே பூட்டைச் சரிபண்ணிக் குடுத்தீங்களா?"

"நம்ம ஆபீஸ்ல இதுக்கு மூணு மாசம் ஆகும்," என்றார் அவர், நிஜமான மரியாதையோடு.

நாலு மணிக்கு இன்னொரு ஓட்டை. கடிகாரத்தை ஒரு வருஷம் பின்னால் தள்ளினால், தான் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்து வைரஸ் ஒதுங்கிக்கொண்டது. எறும்புகளின் முதல் அத்தியாயம் திறந்தது. மனைவி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மூடிக்கொண்டது.

"மறுபடியும் எழுதினீங்களா?"

"ரெண்டே வரிதான். பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலை."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாலு வருஷ உழைப்பைக் கை அரிப்பில் கெடுத்துவிட்டோமே! மணி நாலரை.

கருத்துப் பெட்டியில் முதல்முறையாக ஒரு பதில் வந்து விழுந்தது:

"அண்ணே, நீங்க எழுதறதெல்லாம் நேரா முதலாளிக்குப் போகுது; பாவம் ஜனங்க தப்பிச்சுக்கட்டும்னு அந்த ஓட்டையெல்லாம் நான்தான் வேணும்னே விட்டு வெச்சேன், இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கு, அதையாவது கண்டுபிடிச்சுட்டு வாயை மூடிட்டு இருங்க."