நொயெமி சொல்ல வேண்டிய பதில்

பயணிகள் பட்டியலைப் பார்த்ததும் எர்சிலியோவின் கையிலிருந்த குடை நழுவி டிரைவர் துல்லியோவின் காலில் விழுந்தது.

"யோவ், அது காலுய்யா!"

எர்சிலியோ காதில் வாங்கவில்லை. பதினேழாவது பெயர்: நொயெமி பால்துச்சி.

மலையுச்சியில் இருக்கும் மோந்தெராஸ்கோ ஊரைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. முப்பது வருஷமாக அதே குடை, அதே கதைகள். பத்தொன்பது வயதில் கோட்டைச் சுவரோரம் நின்று நொயெமியிடம், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள். மறுநாள் காலை அவள் குடும்பமே மூட்டை முடிச்சோடு பெல்ஜியம் போய்விட்டது. அவள் அப்பாவுக்கு அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. ஆயிற்று, நாற்பத்து மூன்று வருஷம். எர்சிலியோ வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருத்தி பதில் சொல்வதற்குள் இன்னொருத்தியிடம் எப்படிக் கேட்பது என்பது அவர் கட்சி.

"பஸ் எத்தனை மணிக்குத் திரும்பக் கிளம்புது?" என்று துல்லியோவிடம் கேட்டார்.

"நாலு. ஒரு நிமிஷம் பிந்தினாலும் போலீஸ்காரன் வந்து நிப்பான்."

பட்டியலை உரக்க வாசித்தால் அவள் கை தூக்கப் போகிறாள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்தவளைக் கை தூக்கச் சொல்லியா கண்டுபிடிப்பது? அவருக்கு அது மானப் பிரச்சினை. இருபத்திரண்டு முகங்களையும் உற்றுப் பார்த்தார். நீலக் கழுத்துத் துணி கட்டிய, உயரமான, ஒல்லியான பெண்மணியைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதே கழுத்து. சந்தேகமே இல்லை.

அவளைத் தனியாகப் பிடித்து அந்தப் பதிலைக் கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது. கைத்தடியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு குண்டு அம்மாள் அவரை அட்டையாக ஒட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்தக் கோபுரத்து உச்சி பீரங்கிக் குண்டு பட்டு உடைஞ்சது" என்றார் எர்சிலியோ.

"இடி விழுந்துல்ல உடைஞ்சது?" என்றாள் கைத்தடி.

"அம்மா, வழிகாட்டி நானா, நீங்களா?"

இவளைக் கழற்றிவிட ஒரே வழி படிக்கட்டு. "கோபுரத்துல இருநூத்துப் பதினாலு படி. எல்லாரும் ஏறிப் பாருங்க!" என்று அறிவித்தார். எல்லோரும் ஏறினார்கள். நீலத்துணிதான் முதலில் ஏறினாள். "என் முட்டிக்கு ஆகாது, நாம பேசிக்கிட்டிருப்போம்" என்று கைத்தடி மட்டும் கீழேயே நின்றுவிட்டாள். எர்சிலியோ விழுந்தடித்து மேலே ஓடினார். அவர் நூற்றி எண்பதாவது படியில் மூச்சு வாங்கும்போது நீலத்துணி இறங்கி வந்து, "பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சர்ச்சைப் பூட்டுகிற பன்னிரண்டரைக்கு இன்னும் ஐந்து நிமிஷம். எர்சிலியோவுக்குக் குயுக்தி பிறந்தது.

"அம்மா, சர்ச்சுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். போய் உட்காருங்க."

கைத்தடி போனாள். குளுமை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மொத்தக் கூட்டமும், நீலத்துணி உட்பட, பின்னாலேயே போனது. எர்சிலியோ ஓடுவதற்குள், கோயில் காவலர் கஸ்பாரே வழக்கப்படி உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

கஸ்பாரே வீட்டுக் கதவை இடித்தால் ஜன்னல்தான் திறந்தது.

"பாஸ்தா கொதிக்குது. மூணரைக்கு வா."

"உள்ள இருபத்திரண்டு பேர் இருக்காங்கய்யா!"

"சர்ச்சுதானே? ஜெபம் பண்ணட்டும்."

ஜன்னல் சாத்திக்கொண்டது. மோந்தெராஸ்கோவில் ஒருவனைச் சாப்பாட்டிலிருந்து எழுப்புவது கொலைக்கு அடுத்த குற்றம். எர்சிலியோ தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி வந்தால், பாதிரியார் வீட்டுத் தோட்டத்துக் குட்டிக் கதவு வழியாகக் கூட்டம் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு அத்திப்பழம். முன்னால் கைத்தடி.

அந்தக் கதவு எப்படித் தெரிந்தது என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? சாப்பாடு ஆயிற்று, ஐஸ்கிரீம் ஆயிற்று. மூன்றரையும் ஆயிற்று. வேறு வழியில்லாமல் அந்தத் தொந்தரவுக் கைத்தடியிடமே குடையைக் கொடுத்தார்.

"அம்மா, ஒரு உதவி. இவங்களை எல்லாம் பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நீங்க வரலையா?"

"ஒருத்தரைத் தனியாப் பார்க்கணும். நாப்பத்து மூணு வருஷமா மனசுல இருக்கற ஒருத்தரை."

கைத்தடி அப்படியே நின்றாள். "வந்திருக்காங்களா?"

"அதோ, நீலத்துணி."

அவள் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பார்த்தாள். "அழகாத்தான் இருக்காங்க. போய்க் கேளுங்க" என்று சொல்லிக் குடையை உயர்த்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

கோட்டைச் சுவரோரம், அதே இடத்தில், எர்சிலியோ நீலத்துணியை மட்டும் நிறுத்தி, அவள் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஆலிவ் மரங்கள். நாற்பத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு மாலையும் தனியாக நின்று பார்த்த மரங்கள்.

"அன்னிக்கு நாளைக்குச் சொல்றேன்னியே. இப்பவாவது சொல்லு."

"எதை?"

"பதிலை."

"முதல்ல நீங்க பதில் சொல்லுங்க. டாய்லெட் எங்கேன்னு கேட்டு அரைமணி நேரமாச்சு."

"நொயெமி…"

"யார் நொயெமி? நான் கிரெத். பெல்ஜியத்துல, அன்வெர்ஸ் ஊர்ல பல் டாக்டர்."

கோபுரத்தில் நாலு அடித்தது.

அறுபத்திரண்டு வயசுக்கு ஓடக்கூடாத ஓட்டம் ஓடினார் எர்சிலியோ. பல் டாக்டரும் கூடவே ஓடிவந்து, அவருக்கு முன்னால் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. எர்சிலியோ டிரைவர் ஜன்னலைப் பிடித்துத் தொங்காத குறையாகக் கத்தினார்.

"துல்லியோ! இதுல யாருய்யா நொயெமி பால்துச்சி?"

துல்லியோ அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கைத்தடியை மடியில வெச்சு அழுதுக்கிட்டிருக்காங்களே, அவங்கதான். மூணு வருஷமா, செத்துப்போன புருஷன் பேரைப் பட்டியல்ல போட்டுக்கிட்டு, நீ அடையாளம் கண்டுக்கிறியான்னு வந்து வந்து பார்த்தாங்க. 'இந்தத் தடவை பொறந்த வீட்டுப் பேரைப் போடுங்கம்மா, அப்பவும் கண்டுக்கலைன்னா விட்டுத் தள்ளுங்க'ன்னு சொன்னவனே நான்தான்!"