மேனேஜர் தொப்பைக்கு யார் காரணம்?

முருகானந்தத்தின் சட்டையில் நான்காவது பொத்தான் தெறித்துச் சாம்பாருக்குள் விழுந்தது.

“எடுத்துக் குடுங்க, தெச்சுத் தாரேன்,” என்றாள் பிரபா.

“தெச்சா மறுபடி தெறிக்கும். முன்னாடி என்ற வயிறு வருது, பின்னாடிதான் நான் வாரேன். உங்கண்ணன் மக கல்யாணத்துல மேடையேறுனா, போட்டோக்காரன் பொண்ணு மாப்பிள்ளைய விட்டுப்போட்டு என்னையத்தான் எடுப்பான்.”

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மேடையேறாமல் தப்பவும் முடியாது. பிரபாவுக்கு ஒரே அண்ணன், அவருக்கு ஒரே மகள்.

முருகானந்தம் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் லாரி ஆபீஸ் மேனேஜர். போர் போடும் வண்டி எந்த மாநிலத்தில் நின்றாலும் திட்டு இவருக்குத்தான் விழும். டென்ஷன் ஏறினால் வயிற்றில் கொழுப்புச் சேரும் என்று யூடியூபில் ஒரு டாக்டர் சொன்னார். அந்த டாக்டரை இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் தவறாமல் உள்ளே போகும் போண்டாவைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆக, குறைக்க வேண்டியது டென்ஷனை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ரஞ்சிதா போன மாதம் வந்தபோது, தள்ளுபடியில் கிடைத்ததென்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டுப் போயிருந்தாள். நாடியைப் பிடித்து டென்ஷனைக் கணக்குப் பண்ணி, போனில் நிறம் காட்டுமாம். பச்சை என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் கஷ்டம். முருகானந்தம் போனை எடுத்துப் பார்த்தார். மஞ்சள்.

“நாளையிலிருந்து வாக்கிங்,” என்று அறிவித்தார். “விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும். கம்மங்கூழ் குடிச்சுட்டுப் போனா நல்லதாம்.”

கூழ் தானாகக் காயாது. பிரபா அவருக்கும் முன்னால் எழுந்தாள். ஒரு வாரம் நடந்துவிட்டுப் பார்த்தால், மஞ்சள் முற்றி ஆரஞ்சாகியிருந்தது.

“சோறுதான் கெடுக்குது,” என்றார். “இனி எனக்குக் கொள்ளு ரசம், ராகி ரொட்டி, மொளகட்டுன பயிறு. உனக்கு வேணுங்கறத நீ தனியா ஆக்கிக்க.”

பிரபா இரண்டு சமையல் செய்தாள். முருகானந்தம் முதலில் தன் சமையலைச் சாப்பிட்டார். பிறகு, வீணாகப் போகக் கூடாதே என்று அவள் சமையலையும் சாப்பிட்டார். போன் சிவந்தது.

அடுத்து தியானம். ஹாலில் துண்டை விரித்து உட்கார்ந்து, மிக்சி ஓடக்கூடாது, டிவி கூடாது, குக்கர் விசிலடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். பிரபா தேங்காயைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் மிக்சியில் சட்னி அரைத்து வந்தாள். வந்து பார்த்தால், தியானம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. விழித்துப் போனைப் பார்த்தார். இன்னும் சிவப்பு.

ஆபீசில்தான் அதிசயம். அங்கே எத்தனை தட்டினாலும் போன் நிறமே காட்டவில்லை. ஒரிசாவில் குழிக்குள் ராடு சிக்கி, முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டிய அன்றுகூட ஒன்றும் வரவில்லை.

கணக்குப் பார்க்கும் அன்பழகன் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க மேனேஜர், இங்கெ ஒண்ணும் இல்லீங்க. வெனை உங்க ஊட்டுலதானுங்க இருக்குது.”

முருகானந்தம் யோசித்தார். வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான்.

“பிரபா, மோகனூர்ல உங்கண்ணன் ஊட்டுல பத்து நாளு இருந்துட்டு வாயேன்,” என்றார் அன்று மாலை.

“ஏனுங்க?”

“நீ இருந்தா எனக்கு டென்ஷன் ஏறுது. நான் சொல்லலை, மெஷின் சொல்லுது.”

“நானாங்க உங்களுக்கு டென்ஷனு?”

போன் சிணுங்கியது. செக்கச்செவேலென்று இருந்தது.

“பாரு, பேசப் பேச ஏறுது.”

பிரபா உள்ளே போனாள். பையில் நாலு சேலையை மடித்து வைத்தாள். “நான் போயிக்கறனுங்க. கல்யாணத்துக்கு அங்கிருந்தே கெளம்பிக்கறேன். நீங்க வந்தா உங்களுக்கு டென்ஷனாயிரும், வர வேண்டாமுங்க.”

அவள் வாசல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போனில் நிறம் மறைந்தது. முருகானந்தம் டாக்டருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டார்.

மறுநாள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்கடுத்த நாள் புரோட்டா. அதற்கடுத்த நாளும் புரோட்டா. ஐந்தாவது பொத்தானும் போனது. பிரபாவுக்குப் போன் போட்டார்; அவள் எடுக்கவில்லை. மச்சானுக்குப் போட்டார், அவர் எடுத்து, “கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குதுங்க மாப்பிள்ளை,” என்று வைத்துவிட்டார். மாமா இல்லாமலே மேடை நிறைந்துவிடும் என்று தெரிந்துபோயிற்று. அவள் இல்லாத வீடு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. போய்க் கூட்டி வந்துவிடலாம்தான். ஆனால் மெஷின் அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கிறதே.

சனிக்கிழமை ரஞ்சிதா வந்து இறங்கினாள். எச்சில் தட்டுகளையும் அப்பாவின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா எங்கீங்ப்பா?”

“உங்கொம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்லை சாமி. இதுதான் சொல்லுச்சு.” போனை நீட்டினார். “அவ பக்கத்துல இருந்தா செவப்பு. வாக்கிங் போனாலும் செவப்பு, பத்தியம் இருந்தாலும் செவப்பு, தியானம் பண்ணுனாலும் செவப்பு. அவ பஸ் ஏறுனதும் ஒண்ணுமே இல்லை. நான் என்ன பண்ணட்டும்?”

ரஞ்சிதா போனை வாங்கி, இரண்டு தட்டுத் தட்டினாள். வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

“அப்பா, அன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுன்னு ஒரு வாட்ச்சத்தான் உங்க போன்ல கோத்துட்டுப் போனேன். அது அம்மா கையில இருக்கறதுங்ப்பா.”