கூடையில் போட்டால்தான் விலை தெரியும்

விலை தெரியாத பொருளை விரலால்கூடத் தொடமாட்டேன் என்று ஒரு மனிதர் சபதம் எடுத்தால் ஊரில் அவரைக் கஞ்சன் என்பார்கள். இவர் கஞ்சன் இல்லை. செய்கிற தொழில் அப்படி. நாலு மாடிக் கடை ஒன்றில் பொருள்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறவர். காலையில் லேபிள் மெஷினைக் கையில் எடுத்தால் சாயங்காலம்வரை டிக், டிக், டிக். சோப்புக்கு டிக். சட்டைக்கு டிக். ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் மேனேஜரின் முழங்கைக்கும் ஒரு டிக். அந்த மனிதர் அன்று முழுக்கப் பாதி விலையில் நடமாடினார். வாங்கத்தான் ஆள் இல்லை.

எதைப் பார்த்தாலும் இவர் வாயில் வருகிற முதல் வார்த்தை "எவ்வளவு?" பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்து பார்க்கப் போன இடத்திலும் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து "எவ்வளவு?" என்றார். எடையைத்தான் கேட்டேன் என்று பிறகு சமாளித்தார். அன்றிலிருந்து அந்தக் குடியிருப்பில் இவருக்கு எவ்வளவு சார் என்றே பேர். இவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட எவ்வளவு சார் ஒரு நாற்காலியிடம் மனசைப் பறிகொடுத்தார்.

சாய்வு நாற்காலி. பக்கத்தில் ஒரு பிடி. இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் முன்னால் எழும்பும், தலை வைக்கும் இடம் தனியாக வளைந்து கொடுக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே டிக் அடிக்கிற மனிதருக்கு அது நாற்காலி இல்லை, மோட்சம். வைக்க இடமும் இருந்தது. கூடத்தில் ஜன்னலோரம், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலி மூலை. காற்று வரும். வெளிச்சம் வரும். தெருவில் யாருக்கு யாரோடு சண்டை என்பது படுத்த இடத்திலேயே தெரியும்.

அந்த மூலைக்கு வீட்டம்மாவிடமும் ஒரு யோசனை இருந்தது. அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர். முதலாளியம்மா கடையை மூடிவிட்டுப் போனதும், "அந்த மூலையில ஒரு கண்ணாடிய மாட்டி நானே நாலு பேருக்கு வெட்டினா என்னங்க?" என்று கேட்டார்.

"எவ்வளவு ஆகும்?" என்றார் இவர்.

அவர் சொல்ல வாயைத் திறந்தார். இவர் இருமத் தொடங்கினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தும் இருமல் நிற்கவில்லை. பேச்சு நின்றது. கத்தரிக்கோல் பெட்டி அலமாரிக்கு மேலே ஏறிக்கொண்டது.

இந்த நாற்காலி எவ்வளவு சாரைத் தேடி வந்த விதமே தனி. போனைத் திறந்தால் நாற்காலி. மழை வருமா என்று பார்த்தால் மேகத்துக்குக் கீழே நாற்காலி. பல் தேய்க்கும் பிரஷ் தேடினால், 'பிரஷ் இருக்கட்டும், இதைப் பாருங்கள்' என்று நாற்காலி. எவ்வளவு சாருக்குக் கண் கலங்கியது. நம்ம இடுப்பு வலி இந்த ஆன்லைன் கடைக்காரனுக்கு எப்படித் தெரிந்தது? கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியவில்லையே.

படம் இருந்தது. நிறம் இருந்தது. உட்கார்ந்து சிரிக்கிற ஒரு மீசைக்காரர்கூட இருந்தார். விலை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், 'விலையை அறியக் கூடையில் சேர்க்கவும்' என்று போட்டிருந்தது.

தொழில்காரருக்கு ரத்தம் கொதித்தது. சீட்டு இல்லாமல் ஒரு சீப்பை அலமாரியில் வைத்தாலே இவர் மேனேஜர் இவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இங்கே ஒரு நாற்காலியே வெறும் உடம்போடு நிற்கிறது. உடனே கடையின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். தேனில் ஊறவைத்த ஒரு பெண்குரல் வந்தது.

"வணக்கம் சார், எப்படி உதவட்டும்?"

"அந்தச் சாய்வு நாற்காலி எவ்வளவு?"

"கூடையில சேர்த்தீங்கன்னா தெரியும் சார்."

"சேர்க்காம சொல்லுங்க."

"சேர்த்தாத்தான் சார் தெரியும்."

"எனக்கு வேணாம்மா. நீங்களே பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நானும் சேர்த்தாத்தான் சார் பார்க்க முடியும்."

"அப்ப சேருங்க."

"சேர்க்கிறேன் சார். ஒரு நிமிஷம் சார். சேர்த்துட்டேன் சார்." தேன் உறைந்துவிட்டது. "சார், இது என்னோட சொந்தக் கணக்குல ஏறிடுச்சு சார். எங்க வீட்டுல மாமியார் போன்லயும் தெரியும் சார். நான் உடனே எடுக்கணும், வெச்சிடறேன் சார்."

போன் துண்டிக்கப்பட்டது. விலை மட்டும் வெளியே வரவே இல்லை.

எவ்வளவு சார் யோசித்தார். சபதம் ஒரு பக்கம். இடுப்பு ஒரு பக்கம். இடுப்பு ஜெயித்தது. கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போட்டார். கண்ணைத் திறந்தார். அந்த எண்ணை இங்கே எழுதினால் படிக்கிற உங்களுக்கும் இருமல் வரும். அவருக்கு வரவில்லை. தன் ஆசை என்றால் இருமல் வராது போலிருக்கிறது.

ஆனால் அங்கேதான் சிக்கல். அந்த வீட்டில் போன் இரண்டு, கூடை ஒன்று. வாரம் முழுக்க யாருக்கு என்ன வேண்டுமோ அவரவர் போனிலிருந்து அதில் போடலாம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டம்மா காபியோடு உட்கார்ந்து மேலிருந்து கீழே பார்ப்பார், பொத்தானை அழுத்துவார். அன்று கூடையில் இருப்பது வீட்டுக்கு வரும். இல்லாதது வராது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. விலையைக் கடைக்காரன் இவரிடம் மறைத்தான், சரி. வீட்டம்மாவிடம் இவர் எப்படி மறைப்பது?

படிக்கட்டில் மாடிவீட்டுக்காரர் எதிரே வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

"கூட்டத்துல நிக்கிறவன் முகம் தெரியுமா சார்?"

"தெரியாது."

"நாற்காலியைக் கூட்டத்துல நிறுத்துங்க. கூடையில சில்லறைச் சாமானா அள்ளிப் போடுங்க. பணம் கட்டுற பொத்தான் மேல இருக்கு. மொத்தம் அடியில வருது. நாற்காலி நடுவுல. அவங்க தள்ளித் தள்ளிக் கீழ வர்றதுக்குள்ள கட்டைவிரல் செத்துடும்."

"நீங்க இவ்வளவு யோசிப்பீங்களா?"

"எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு," என்றார் லிஃப்ட்காரர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக்கொண்டு.

எவ்வளவு சார் அள்ளிப் போட்டார். துணிக் கிளிப் ஒரு கட்டு, இன்னொரு கட்டு, நீலத்தில் ஒரு கட்டு. மீன் தொட்டிக்குப் போடும் கூழாங்கல். விசில். ஷூ கயிறு. மணி கட்டிய பூனைக் கழுத்துப்பட்டை. புட்டியில் மாட்டித் தண்ணீர் பீய்ச்சும் குழல். எதற்கும் விலை கிடையாது, போட்டால்தான் தெரியும். போட்டார், பார்த்தார், விட்டுவைத்தார். கடைக்குத் தலைகால் புரியவில்லை. 'உங்கள் பூனைக்கு வாழ்த்துகள்' என்று செய்தி அனுப்பியது.

சனிக்கிழமை வந்தது. காபி வந்தது. வீட்டம்மா போனை எடுத்தார். எவ்வளவு சார் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"என்னங்க."

"ம்."

"இவ்வளவு துணிக் கிளிப் எதுக்கு?"

"காத்து அடிக்குது."

"நாம துணி காயப்போடறது நாலு சட்டைதானே."

"பலமா அடிக்குது."

"சரி. கூழாங்கல் எதுக்குங்க? நம்மகிட்ட மீன் தொட்டி இல்லையே."

"தொட்டி வந்த பிறகு கல்லுக்கு அலையக் கூடாதில்ல."

"விசில்?"

"பாதுகாப்புக்கு."

"திருடன் வந்தா ஊதுவீங்களா?"

"ஊதலாம்னு இருக்கேன்."

"பூனைக்குக் கழுத்துப்பட்டை போட்டிருக்கீங்க. பூனை?"

"அது வர்றப்ப வரட்டும்."

வீட்டம்மாவின் கட்டைவிரல் கீழே தள்ளியது. இன்னும் தள்ளியது. செய்தித்தாளில் இருந்த ஓட்டை வழியாக எவ்வளவு சார் பார்த்துக்கொண்டிருந்தார். ஷூ கயிறு போனது. குழல் போனது. அடுத்தது நாற்காலி. தலை வைக்கும் இடம், அந்த வளைவு, மெல்ல எட்டிப் பார்த்தது. இவருக்கு மூச்சு நின்றது.

கட்டைவிரலும் நின்றது.

வீட்டம்மா கொட்டாவி விட்டார். "விரல் வலிக்குது. போதும். நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்," என்று மேலே தள்ளிப் பொத்தானை அழுத்திவிட்டார்.

'நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்.' கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் எவ்வளவு சாரைப் பார்த்துச் சொல்லாத வாக்கியம். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இவரோ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினார்.

மறுநாள் காலை நாற்காலி வந்தது. கூடவே கிளிப்பும் கல்லும் விசிலும். எவ்வளவு சார் முன்கூட்டியே கண்ணாடி முன் பழகி வைத்திருந்த திகைப்பை முகத்தில் கொண்டுவந்தார்.

"அடடே, இது எப்படி வந்துச்சு? கை தவறிப் பட்டிருக்கும் போல."

"வந்ததைத் திருப்பி அனுப்பவா முடியும்?" என்றார் வீட்டம்மா. "ஜன்னல் மூலையில போடுங்க. இன்னும் கொஞ்சம் இப்படி. தலைப்பக்கம் கைகழுவற தொட்டியப் பார்த்து இருக்கட்டும்."

"தொட்டியப் பார்த்தா? ஏன்?"

"காத்து வரும்."

வந்தது. அன்று முழுக்க எவ்வளவு சார் அந்த நாற்காலியில் வாழ்ந்தார். பிடியை இழுத்தார், சாய்ந்தார். நிமிர்ந்தார், மறுபடி சாய்ந்தார். தெருவில் இரண்டு சண்டைகளைத் தொடக்கம் முதல் முடிவுவரை பார்த்தார். வீட்டம்மா பக்கத்தில் நின்று, தலை எந்த அளவுக்குப் பின்னால் போகிறது என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். "கழுத்து வலிக்குதா? இப்ப? இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சா?" எவ்வளவு அன்பு என்று உருகிப்போனார் இவர்.

திங்கட்கிழமை வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். வாசல் முழுக்கச் செருப்பு. யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிக் கதவைத் தள்ளினார். தலைக்கு மேலே மணி அடித்தது. பூனைக் கழுத்துப்பட்டை கதவில் தொங்கியது.

உள்ளே நாற்காலி முழுசாகச் சாய்ந்திருந்தது. அதில் லிஃப்ட்காரரின் சம்சாரம், மாடிவீட்டு அக்கா, கண்ணை மூடிக் கிடந்தார். தலை தொட்டிக்குள். தொட்டி நிறைய நுரை. வீட்டம்மா நனைந்த கூந்தலைப் பிரித்துப் பிரித்துத் தூக்கி நீலத் துணிக் கிளிப்பால் கவ்வவைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஜாடியில் கூழாங்கல்லை நிரப்பிச் சீப்புகளைச் சொருகியிருந்தது. சுவரில் ஷூ கயிற்றில் கண்ணாடி தொங்கியது. குழல் மாட்டிய புட்டி தண்ணீர் பீய்ச்சியது. அலமாரி மேலே கத்தரிக்கோல் பெட்டி இல்லை. சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், பாதிக் குடியிருப்பு. முதல் ஆளாக, கழுத்தைச் சுற்றித் துணி போர்த்தி, லிஃப்ட்காரர்.

"என்ன இது?" என்றார் எவ்வளவு சார்.

"வந்துட்டீங்களா? கால் கழுவிட்டு வாங்க, காபி வெச்சிருக்கேன்."

"இது என் நாற்காலி."

"யாரு இல்லன்னா?"

"என் முதுகுக்காக வாங்கினது. கடைக்காரனே என் வலியைப் பார்த்துத் தினமும் காட்டினான்."

"அது நான் தேடினதுங்க," என்றார் வீட்டம்மா, அக்காவின் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "ஒரே கணக்குதானே. நான் என் போன்ல தேடினா உங்க போன்ல வந்து நிக்கும். தினமும் ரெண்டு வேளை தேடினேன்."

"அப்ப சனிக்கிழமை? விரல் வலிக்குதுன்னியே?"

"நாற்காலி இருக்குதான்னு பார்த்தேன். இருந்துச்சு. நிறுத்திட்டேன்."

"கூட்டத்துல ஒளிச்சு வெச்சேனே."

"அந்த யோசனையே நான்தான் எங்க வீட்டுக்காரர் தலையில ஏத்தி அனுப்பினேன்," என்றார் மாடிவீட்டு அக்கா தொட்டிக்குள்ளிருந்து. "பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே அவர் காதுல விழற மாதிரி சொன்னேன். தனக்கே தோணினதுன்னு நெனச்சிட்டாரு."

லிஃப்ட்காரர் போர்வைக்குள்ளிருந்து இவரைப் பார்த்தார். முகத்தில் அதே பழைய ஆச்சரியம்.

"இதுக்கு என்னை ஒரு வார்த்தை நேராக் கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. இருமினீங்க." வீட்டம்மா ஒரு கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "நான் கூடையில போட்டிருந்தா நீங்க விலையப் பார்த்திருப்பீங்க. நீங்க போட்டா நீங்களே அதை மறைச்சிடுவீங்க. அதான் உங்களையே போட வெச்சேன்."

பாதிக் குடியிருப்பு தலையை ஆட்டியது. எவ்வளவு சாருக்குக் கோபப்பட ஓர் இடம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. நாள் முழுக்க நின்ற இடுப்பு வேறு இழுத்துப் பிடித்தது. குரலை இறக்கினார்.

"சரி, நான் எப்ப உட்கார்றது?"

"உங்க நாற்காலி, தாராளமா உட்காருங்க. வரிசை அந்தப் பக்கம்."

வரிசையின் வாலில் போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் போனார், முடி குட்டையாகத் திரும்பி வந்தார். ஒவ்வொரு தலையாக நகர்ந்தது. விசில் ஊதினால் அடுத்த ஆள் எழுந்தார். கடைசியில் விசில் இவருக்காக ஒலித்தது. ஓடிப்போய் உட்கார்ந்தார். வீட்டம்மா பிடியை இழுத்தார். முதுகு பின்னால் போனது, கால் முன்னால் எழும்பியது. இடுப்பு அப்பாடா என்றது. கழுத்தைச் சுற்றித் துணி விழுந்தது. தலைக்கு மேலே கத்தரிக்கோல் இரண்டு முறை காற்றை வெட்டிப் பார்த்தது.

பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது.

"எவ்வளவு?"

"முதல்ல தலையைத் தொட்டியில போடுங்க," என்றார் வீட்டம்மா. "அப்பத்தான் தெரியும்."