அப்பாவின் கண்ணும் அடிமண்டியும்

மெண்டோசா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டெல்ஃபினா அக்காவுக்கு,

உன் தங்கை நொயேமி எழுதிக்கொள்வது. மலையிலிருந்து புழுதியோடு இறங்கும் சோண்டா காற்று ஒருவழியாக அடித்து ஓய்ந்தது. வாயில் மணல் நறநறப்பதைத் தவிர இங்கே எல்லோரும் நலம். புவனஸ் அயர்ஸில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் மணல் இல்லாமல் அதே நலத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

கோடையில் தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "வீட்டுலயே மருந்து ஆராய்ச்சிக்காரி இருந்தும் அப்பா கண்ணு இப்படிப் போகுதே, நீ என்னதான்டி படிச்சே?" அன்று அழுதுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். இன்று பதில் இருக்கிறது.

உனக்குத் தெரியும், அப்பாவுக்கு இருப்பது ஒரே கண். இடக்கண் நாம் பிறக்கும் முன்பே, அப்பா ஒயின் பதப்படுத்தும் நம் வீட்டு நிலவறையில் புட்டி ஒன்று வெடித்துப் போய்விட்டது. வலக்கண்ணில் முகம் தெரியாத யாரோ விட்டுப்போன கருவிழியைத் தைத்திருக்கிறார்கள், அதை உடம்பு 'நீ யார்?' என்று கேட்டுத் தள்ளிவிடாமலிருக்கத்தான் தினமும் சொட்டு மருந்து, ஆனால் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மங்கல் கூடியிருக்கிறது என்று கண் டாக்டர் சுனில்டா உதட்டைக் கடிக்கிறார், "எவரிஸ்தோ ஐயா, மருந்து ஒழுங்காப் போடறீங்களா?" என்கிறார், "ஒரு வேளை தப்பல டாக்டரம்மா" என்று அப்பா நெஞ்சில் கை வைக்கிறார். அதுவும் நிஜம்தான். புட்டிகள் தீர்ந்த வேகத்தைப் பார்த்து மருந்துக்கடை ஒட்டீலியா பெட்டியாகவே அனுப்பத் தொடங்கிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன். அந்த மருந்து தண்ணீரில் கரையாத ஜாதி, பொடியாக மிதக்கும், விட்டால் அடியில் தங்கிவிடும், அதனால்தான் 'நன்றாகக் குலுக்கவும்' என்று புட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அப்பாவோ தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் புட்டியை எடுத்தார், பழைய ஒயினை மண்டி கலங்காமல் ஊற்றும் பழக்கத்தில் மூச்சுக்கூட விடாமல் சாய்த்தார், மேலே தெளிந்திருந்ததை மட்டும் கண்ணில் விட்டுக்கொண்டு, அடியில் வெள்ளையாகக் கிடந்ததைப் பூந்தொட்டியில் ஊற்றினார்.

"அப்பா! அதைக் குலுக்கணும்!"

"குலுக்கறதா? நிலவறைக்காரன் வீட்டுல நின்னுக்கிட்டு மண்டியைக் கலக்கச் சொல்றியா?"

"அந்த மண்டிதான்பா மருந்து!"

அப்பா புட்டியைப் பார்த்தார். பிறகு செடியைப் பார்த்தார். "அப்ப இந்த ஜெரேனியத்துக்குத்தான் இப்ப பார்வை அமோகமா இருக்கும்."

நான் சிரிக்கவில்லை அக்கா. இருக்கும் ஒரே கண்ணுக்கு மாதக்கணக்காக வெறும் தண்ணீர் போயிருக்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மல்லுக்கட்டுவதே இந்தக் கரையாத மருந்துகளோடுதான். தோலில் பூசினால் மேலேயே கிடக்கும், தோல் கதவைத் திறக்காது. கண் அதைவிட மோசம், ஓர் இமைப்பில் வந்த விருந்தாளியைக் கழுவி வெளியே தள்ளிவிடும். அதற்காக நுண்ணிய உருண்டைகள் செய்கிறோம். வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும், உட்புறம் எண்ணெய் குணம், தண்ணீருக்குப் பயந்த மருந்து அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். முதல் தடவை அது கூடிவந்த மதியம் நான் மட்டும்தான் இருந்தேன். பால்போல் கலங்கியிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றுத் தண்ணீராகத் தெளிந்தது. எதுவும் குறையவில்லை, எதுவும் அடியில் தங்கவில்லை, எல்லாம் உள்ளேதான் இருந்தது. மாதா கோயிலில்கூட நான் அவ்வளவு மனதாரச் சிலுவை போட்டதில்லை. கையில் இருந்த மாத்தே தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றேன்.

அந்தச் சொட்டு மருத்துவமனைச் சோதனைக்கு வந்ததும் டாக்டர் சுனில்டா அப்பாவையும் சேர்த்துக்கொண்டார். அப்பா புட்டியை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிடித்து, ஒயின் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மண்டியே இல்லையே. மருந்து எங்க?"

"உள்ளயே இருக்குப்பா."

"அன்னைக்கு மண்டிதான் மருந்துன்னே. இன்னைக்கு மண்டி இல்லாததுதான் மருந்துங்கறே. உங்க பல்கலைக்கழகத்துல கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா."

பிறகு, "நீயா செஞ்சே?" என்றார். "நானும்தான்" என்றேன். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நேற்று பரிசோதனை. டாக்டர் கருவியிலிருந்து முகத்தை எடுத்து, "துடைச்சு வச்ச கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். "அம்மாடி, உனக்கு எப்ப நரைச்சுது?" என்றார். என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு அழகாகப் பாராட்டியதில்லை. ஆகவே அக்கா, நான் என்ன படித்தேன் என்று கேட்டாயே, இதைத்தான் படித்தேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக முத்தம். உன் முதுகுவலி உன்னை மறந்துபோகட்டும்.

உன் பெருமைக்குரிய தங்கை,
நொயேமி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்ப ஒரு ஒயின் எடுக்கலாம் என்று நிலவறைக்குப் போனேன். உன் பிறந்த வருடத்து ஒயினுக்கும் என்னுடையதற்கும் நடுவே நான் கொடுத்த சொட்டுப் புட்டிகள் அத்தனையும் படுத்துக்கிடக்கின்றன. ஒன்றின் முத்திரைகூட உடையவில்லை. மேலே சாக்கட்டியில் என் பெயரும் இந்த வருடமும். இத்தனை நாளும் ஒட்டீலியா அனுப்பிய பழைய மருந்தைத்தான் கை வலிக்கக் குலுக்கிப் போட்டிருக்கிறார்.

"என்னப்பா இது!" என்று கத்தினேன்.

"உன் கையால வந்த முதல் சரக்கும்மா. அதைப் போய் இந்த வருஷமே திறந்துட முடியுமா?"

ஆகவே மேலே எழுதிய பெருமையை எல்லாம் அடித்துவிடு. அப்பா கண்ணைக் காப்பாற்ற நான் படித்த படிப்பு 'குலுக்கணும்' என்ற ஒரு சொல்தான். நாளைக்கே டாக்டரிடம் போய், சோதனைக் கணக்கிலிருந்து அப்பாவை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். ஒரு புட்டியை மட்டும் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துளி மண்டி இல்லை அக்கா. மறுபடியும் படுக்க வைத்துவிட்டு வந்தேன்.