சமாதானம் சுடவில்லை

துப்பாக்கி விளையாட்டு விளையாடச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கடைசிவரை ஒரு குண்டுகூடச் சுடாத மனிதர் லண்டன் மாநகரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனி ஒன்றின் லண்டன் அலுவலகத்தில் நாங்கள் சோதனையாளர்கள். வெளிவரப்போகும் விளையாட்டுகளை நாள் முழுக்க விளையாடி, எங்கே கோளாறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் மதுரைக்காரன். அவர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் நில அளவையாளராக இருந்து, போர் துரத்த, லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் வந்து விழுந்தவர். அலுவலகத்தில் யார் சண்டை போட்டாலும் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து நீட்டுவார். அவருக்குச் சமாதானம் என்று பெயர் வைத்தவன் நான்தான்.

முயல் கேரட் பொறுக்கும் விளையாட்டுக்கே கோட்டும் டையுமாக வருவார். முயல் குழியைத் தாண்டினால் இவரும் நாற்காலியோடு தாண்டுவார். சக்கரம் உருண்டு இரண்டு முறை ஜன்னல்வரை போய்விட்டார். வழியில் நத்தையை மிதித்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, திரையைப் பார்த்து, "ஐயோ, நோகுதோ?" என்பார். காடு முழுவதையும் கட்டம் போட்ட தாளில் அளந்து வரைவார்.

"முயலுக்குப் பட்டா போட்டுக் குடுக்கிறதுதான் பாக்கி, அண்ணே."

"வடிவா அளந்தால்தான் தம்பி, பிழை எங்க எண்டு தெரியும்."

பிறகு காற்று மாறியது. மேற்கே முயல் விலைபோகவில்லை, பிள்ளைகள் துப்பாக்கி கேட்கிறார்கள் என்று தலைமையகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை சுவரிலிருந்து முயல் படம் இறங்கியது. அந்த ஆணியில் துப்பாக்கியும் பெரிய தாடையுமாக ஒருவன் ஏறினான். எங்கள் திரைகளில் முள்கம்பி, மணல் மூட்டை, காவல் நிற்கும் சிப்பாய்கள்.

சமாதானம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டையைத் தளர்த்தினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"என்னால சுட ஏலாது, தம்பி."

"பொம்மைதானே அண்ணே?"

"ஓம், பொம்மைதான். கை கேக்குதில்லை."

ஒரு கேலி என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

எங்கள் மேலாளர் லிண்டா நல்லவர். ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைவரை பார்க்கிறேன், அதற்குப் பிறகும் சுடாவிட்டால் வேலை இல்லை என்று மென்மையாகச் சொன்னார். அந்த வேலைக் கடிதத்தைக் காட்டித்தான் சமாதானம், கொழும்பில் காத்திருந்த மனைவிக்கு விசா கேட்டிருந்தார். வேலை போனால் அதுவும் போகும்.

செவ்வாய் முதல் விளையாடினார், சுடாமல். சிப்பாய் எத்தனை அடி நடக்கிறான், எப்போது திரும்புகிறான் என்று தாளில் குறித்தார். பீப்பாய்க்குப் பின்னால் பீப்பாயாக, நிழலுக்குள் நிழலாக நகர்ந்தார்.

"எப்படிண்ணே ஒருத்தன் கண்ணுலயும் படாமப் போறீங்க?"

"சென்றியில காவல் நிக்கிறவன் அங்கால பார்க்கேக்க இங்காலயால போறது எங்கட ஊரில ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும்."

வியாழக்கிழமை கடைசிக் கதவுக்கு வந்துவிட்டார். கதவு திறக்கவில்லை. ஒருவனையாவது கொன்றால்தான் திறக்கும். கொல்லாமல் ஒருவன் அதுவரை வந்து நிற்பான் என்று விளையாட்டைச் செய்தவர்கள் யாரும் நினைக்கவில்லை. கோளாறுப் படிவத்தில் எழுதினார்: "ஒருவரையும் கொல்லாதவருக்கு வாசல் திறக்கவில்லை." தலைமையகத்திலிருந்து பதில் வந்தது: "கோளாறு இல்லை. ஒருவனைச் சுடவும்."

வெள்ளிக்கிழமை டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கென்று தலைமையகத்துப் பெரியவர் ஒருவரும் வந்தார், மேற்கத்தியர் எப்படி விளையாடுகிறார்கள் என்று நேரில் பார்க்க. வரிசையாக உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார இளைஞர்களையெல்லாம் தாண்டிப்போய், அறையில் டை கட்டியிருந்த ஒரே ஆளின் பின்னால் அமர்ந்தார். லிண்டா கண்களை மூடிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம். அவர் திரையில் ஒரு வெடிச்சத்தம் இல்லை. மற்றத் திரைகளின் சத்தமும் ஒவ்வொன்றாக அடங்கியது. எல்லோரும் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சிப்பாய் திரும்பும்போதெல்லாம் பெரியவர் மூச்சை அடக்கி, தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கடைசிக் கதவு. சமாதானம் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார்.

"ஏன் நிற்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் பெரியவர்.

"திறக்கும்வரை நிற்பேன்" என்றார் இவர், அதே ஆங்கிலத்தில்.

பெரியவர் அந்தக் கட்டத் தாளைக் கேட்டு, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அடுத்து வந்த பதிப்பில், சுடாமல் வந்தவன் கொஞ்சம் பொறுத்து நின்றால் கதவு திறந்தது. மேற்கத்தியர் பொறுமைசாலிகள், ஒளிந்து போவதை ரசிப்பவர்கள் என்று தலைமையகம் முடிவுகட்டியதாம். ஐரோப்பா கண்டத்தின் ரசனை பருத்தித்துறையில் தீர்மானமானது அப்படித்தான். அவர் வேலை நிலைத்தது. முயல் மட்டும் திரும்பி வரவேயில்லை.

விசா வந்து, மனைவி வந்திறங்கிய நாளில் ஹீத்ரோவுக்கு என்னையும் அழைத்துப் போனார். கோட், டை. பயணிகள் வெளியே வரும் கதவு திறந்தது, மூடியது. யார் யாரோ வந்தார்கள்.

"விசாரிச்சுப் பாக்கவா அண்ணே?"

"வேண்டாம் தம்பி. சத்தம் போடாம நிப்பம்."

கடைசியில் கையில் ஒரு பையோடு அவர் மனைவி வந்தார். எத்தனையோ காவல்களை ஓசையின்றிக் கடந்த மனிதருக்கு அப்போது ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. முதுகில் கை வைத்து நான்தான் தள்ளிவிட்டேன்.