தாழியில் போடும் கடுதாசி

பூனைக்கண்ணு,

நீங்கள் இருந்தவரை மனசுக்குள் மட்டும்தான் இப்படிக் கூப்பிட்டேன். இனி முறைக்க முடியாதே.

சேத்தூர்ப் புஞ்சையில் உறங்கும் என் வீட்டுக்காரருக்கு மாடத்தி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் செவலைப் பசுவும் சுகம். அவ்விடத்துச் சுகத்தைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

நீங்கள் வேப்பங்கவட்டை பிடித்து நீரோட்டம் பார்த்து முளை அடித்த இடத்திலேயே கிணறு வெட்டத் தொடங்கினோம். "ஒரு சாணும் நகரக் கூடாது" என்பதுதானே உங்கள் கடைசிப் பேச்சு. இடுப்பளவு தோண்டுவதற்குள் கடப்பாரை ணங்கென்றது. பார்த்தால் ஆள் குந்தியிருக்கிற அளவுக்கு ஒரு மண் தாழி, மேலே கல் மூடி. உங்கள் தம்பி பொன்னுராஜ் புதையல் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்தார். மூடியைத் தள்ளி எலும்பைப் பார்த்ததும் குதித்ததைவிட வேகமாக ஏறினார்.

கிணறு வெட்டும் ஆண்டிச்சாமிதான் சொன்னான். "பயப்படாதீக அக்கா. அந்தக் காலத்துச் சனத்துக்குச் சாவே கிடையாது. வயசாக வயசாகச் சுருங்கிக்கிட்டே போவாக. பூனைக்குட்டி அம்புட்டு ஆனதும் தாழியில வச்சுக் கஞ்சி ஊத்துவாக."

கேட்டதிலிருந்து எனக்கு அந்தத் தாழிப் பெரியவரின் பெண்டாட்டி நினைப்புத்தான். விடிந்ததும் தாழியை எட்டிப் பார்த்து "இருக்கீகளா" என்று கேட்டிருப்பாள், பருந்து தூக்கிவிடாமல் காவல் இருந்திருப்பாள், ஆள் சுருங்கினாலும் வாய் சுருங்காதே, உள்ளேயிருந்து தட்டித் தட்டி "ஏட்டி, உப்புப் பத்தலை" என்றிருப்பார். நீங்களும் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் மூன்று நாள் காய்ச்சலில் போயிருக்க மாட்டீர்கள். கால் வலிக்கிறதென்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு வரமாட்டேன் என்றீர்களே, ஓலைப்பெட்டியில் வைத்துத் தூக்கிப் போயிருப்பேன்.

"உடைச்சுப் போட்டுட்டு வெட்டுலே" என்றார் பொன்னுராஜ்.

"ஒருத்தி கஞ்சி ஊத்தி வளத்த ஆளை உடைப்பீகளோ? கிணத்தைத் தள்ளி வெட்டுங்க."

"அண்ணன் சொன்ன இடம் மதினி!"

"அவியகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சொல்லத்தான் இந்தக் கடுதாசி. தாழிக்குள் போட்டு மூடுகிறேன், பெரியவர் கொண்டுவந்து தருவார். கோபப்படாதீர்கள். அங்குள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. உங்கள் அம்மா கேட்டால் மட்டும் அவர்களுக்கும் ஒன்று.

இப்படிக்கு,
மாடத்தி

பின்குறிப்பு: கடுதாசியைப் போடக் கையை உள்ளே விட்டேன். தொடை எலும்பு என் தொடை நீளம் இருக்கிறது. அவர் சுருங்கவில்லை, உங்களைப் போலச் செத்துத்தான் போயிருக்கிறார். தாழியை உங்கள் சமாதிக்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்லிவிட்டேன். கிணறு நீங்கள் முளை அடித்த இடத்திலேயேதான். உள்ளே ஒரு கறுப்புக் கிண்ணம் இருந்தது. செத்தவர் என்று தெரிந்தும் அவர் பெண்டாட்டி கஞ்சி வைத்திருக்கிறாள். இன்று நானும் உங்கள் தலைமாட்டில் ஒரு கிண்ணம் வைத்தேன். உப்புப் பத்துதா?