கடிதம் போடுகிறோம்

பேச்சு என்பது ஒரு கலை. அந்தக் கலையைச் செங்கல்பட்டு வட்டாரத்தில் கட்டிக் காத்தவன் நான்தான். ஊரில் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆகவே நானே சொல்கிறேன். முப்பது வருஷம் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்து, ஒருவரிடம்கூட ‘முடியாது’ என்று சொன்னதில்லை. எதையும் செய்து கொடுத்ததும் இல்லை. இதற்குப் பெயர்தான் ‘நல்லுறவு’.

அப்பேர்ப்பட்ட எனக்கு வாய்த்த அக்கா மகன் ராகவன். அணு ஆராய்ச்சியில் நல்ல உத்தியோகம். ஆனால் முகம் பார்த்துப் பேசமாட்டான். சொன்ன சொல்லுக்குச் சொன்ன அர்த்தத்தையே எடுத்துக்கொள்வான். 2004-இல் சென்னை டாக்டர் ஒருவர் ‘ஆட்டிசம்’ என்றார். “மத்தவங்களோட பழகறதுல சிரமம் இருக்கும்” என்றார். யாருக்குச் சிரமம் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதே வருஷம் அவனுக்குப் பெண் பார்க்கத் திருவிடந்தை போனோம். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வந்து, மாலை போட்டுக்கொண்டு பெருமாளைச் சுற்றுகிற ஊர். அந்தக் கோயில் வாசலில் மாலை விற்கிற தாமோதரனின் மகள் சங்கரிக்கு மட்டும் கல்யாணம் கூடவில்லை. ஏழு குடும்பங்கள் வந்து பார்த்து, ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று கிளம்பியிருந்தன. இதுவரை பெண் பார்க்காத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: அதற்குப் ‘பெண் வேண்டாம்’ என்று பொருள். செல்போன் வந்த பிறகும் இந்த வாக்கியம் ஓய்வு பெறவில்லை.

காபி கொடுத்த கையோடு சங்கரி, ராகவனிடமே கேட்டுவிட்டாள். “இன்னாங்க, என் மூஞ்சியே பாக்க மாட்டேன்றீங்க? புடிக்கலியா?”

“பிடிச்சிருக்கு. முகத்தைப் பார்த்தா, பேசறது காதுல ஏறாது.”

“அப்போ பாக்காதீங்க.” நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளும் அவனைப்போலவே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். “நான் வாயே மூட மாட்டேன். பரவால்லியா?”

“எத்தனை மணி வரைக்கும்?”

“ஒம்போது.”

“சரி.”

இருபதே நிமிஷத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். இடையில் விளக்கம் சொல்ல என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. அடடா, என் வயிறு எரிந்தது! இப்படிப்பட்ட பெண் ஒரு குடும்பத்துக்கு ஆகுமா?

எழுந்து கைகூப்பினேன். “ரொம்ப சந்தோஷம். ஊருக்குப் போய்க் கடிதம் போடறோம்.”

தாமோதரனின் முகம் தொங்கிப்போயிற்று. சங்கரி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராகவன் மட்டும், “பின்கோடு என்ன?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்து, பழத்தட்டோடு என் வீட்டு வாசலில் தாமோதரன். கையில் ஒரு கடிதம்.

‘மாமா கடிதம் போடுவதாகச் சொன்னார். ஒரு வாரமாகியும் போடவில்லை, மறந்திருப்பார். எனக்குச் சம்மதம். ஒன்பது மணி வரை பேசுவதற்கும் சம்மதம். ராகவன்.’

“ஏழு பேரு சொல்ட்டுப் போனாங்க சார். லெட்டர்னு வந்தது இதான் மொதோ தபா” என்று அந்த மனிதர் அழுதுவிட்டார்.

நான் என்ன செய்ய? “எழுதச் சொன்னதே நான்தான்” என்றேன்.

கல்யாணம் நடந்தது. அடுத்த மாதம் இருவரும் விருந்துக்கு வந்தபோது, சங்கரியிடம் பரிவோடு விசாரித்தேன். “ஏம்மா, இவன்கூட எப்படித்தான் காலம் தள்ளறே? புரிஞ்சுக்கறதே கஷ்டமாச்சே!”

“இவரா? ஒரு தபா கேட்டா ஒரு பதிலு. முடிஞ்சிது. உங்ககிட்டப் பேசறதுதான் பேஜாரு மாமா. மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு. இன்னா சொல்றீங்கன்னே புரியல. நீங்களும் ஒரு நல்ல டாக்டராப் பாக்கக் கூடாதா?”

பெரிய மனுஷன் கோபப்படலாமா? முப்பது வருஷ அனுபவம் முழுவதையும் திரட்டிப் புன்னகைத்தேன். “அதுக்கென்னம்மா, பார்க்கலாம்!”

ராகவன் டைரியைத் திறந்தான். “எந்தக் கிழமை மாமா?”